அப்பா விட்டுப்போன துப்பாக்கி: உரிமதாரர் இறந்தபின் வாரிசுகள் செய்ய வேண்டியது

வீடு, நிலம், நகை போலவே ஒருவர் பெயரில் இருந்த துப்பாக்கியும் அவர் காலமானபின் வாரிசுகளின் சொத்துக் கணக்கில்தான் சேரும். ஆனால் அதை வீட்டில் வைத்திருக்கும் அனுமதி அவரோடேயே முடிந்துவிடுகிறது. உரிமப் புத்தகத்தில் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருக்கிறதே என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த மூன்று வருடம் இறந்தவருக்குக் கொடுத்தது. மகனுக்கோ மனைவிக்கோ அதில் ஒரு நாள்கூட இல்லை.

படைக்கலச் சட்டம், 1959-இன் 21-ஆம் பிரிவு, எந்தக் காரணத்தால் துப்பாக்கி வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டாலும் அதைத் 'தேவையற்ற தாமதமின்றி' பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. இத்தனை நாள் என்று எண் போடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் எழுத்தில் தெரிவித்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. வருடம் திரும்பிவிட்டால் விளக்கம் சொல்வது கஷ்டம். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் வேறு. உரிமமில்லாமல் வைத்திருப்பதைத் தடுக்கும் 3-ஆம் பிரிவில் வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. நேர்மையாகத் தகவல் கொடுத்தவரைக் காப்பாற்ற அது உதவும். பரணில் மறைத்து வைத்தவருக்கு உதவாது.

முதலில் துப்பாக்கியைப் பாருங்கள், தூக்காதீர்கள்

கெட்டித்திருக்கிறதா, காலியா என்று தெரியாத துப்பாக்கியைக் கெட்டித்ததாகவே கொள்ள வேண்டும். நம் ஊர் வீடுகளில் அதிகம் கிடைப்பவை மூன்று: 12 போர் (குழலின் அளவு) ஒற்றைக்குழல், 12 போர் இரட்டைக்குழல், குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. உரிமத்தில் இவற்றை எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல்., எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருப்பார்கள். ரிவால்வர், பிஸ்டல் என்றால் பழக்கமில்லாதவர்கள் கையே வைக்க வேண்டாம்.

முதல் இரண்டையும் மடக்கித் திறந்தால் தோட்டா இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆபத்து மூன்றாவதில்தான். பயிர்க் காவலுக்கு என்று இருபது வருடத்துக்கு முன் கெட்டித்து, சுடாமலே சுவரில் மாட்டிய துப்பாக்கிகள் உண்டு. உலர்ந்த இடத்தில் இருந்தால் கருமருந்து அத்தனை வருடம் கழித்தும் பற்றும். குதிரைக்கு (விசையை இழுத்தால் வந்து அடிக்கும் சுத்தி) கீழே உள்ள முனையில் செம்புத் தொப்பி மாட்டியிருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு, அந்த அறையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். தொப்பி இல்லையென்றால் ஒரு மரக்குச்சியால் சோதிக்கலாம். முகத்தையும் உடம்பையும் குழலின் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று, குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, முட்டும் இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அதே நீளத்தைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தால் அது தொப்பி மாட்டும் முனை வரை வர வேண்டும். இரண்டு மூன்று விரல்கடை குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். கடிதத்தில் 'கெட்டித்த நிலையில் இருக்கிறது' என்று எழுதினால் காவல்துறையின் ஆயுதப்படையிலிருந்து விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பி எடுப்பார்கள். இரும்புக் கம்பியை 'டொக்'கென்று உள்ளே போட்டுப் பார்க்கும் வேலை கூடவே கூடாது.

இன்னொரு தவறு, துப்பாக்கியைப் 'பளபளப்பாக்கி'க் கொடுப்பது. துரு பிடித்த குழலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணும் தேய்ந்துபோகும். அடையாள எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். எண்ணெய் தொட்ட துணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். இரட்டைக்குழலில் குழல்களை மடக்கினால் அடிப்பக்கத் தட்டையான பகுதியில் எண் இருக்கும். உடற்பகுதியிலும், முன்கட்டையைக் கழற்றினால் அதன் இரும்பிலும் அதே எண்ணைக் காணலாம். அங்கங்கே வேறு வேறு எண் இருந்தால் எப்போதோ பாகம் மாற்றியிருக்கிறார்கள். உரிமப் புத்தகத்தில் எந்த எண் ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டு, ஒவ்வொரு இடத்தையும் போன் கேமராவில் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். 3-ஐ 8 என்று எழுத்தர் எழுதிய ஒரு புத்தகத்தை இப்போது கவனித்தால் ஒரு திருத்த மனுவோடு போய்விடும். பிறகு கவனித்தால் அது 'வேறு துப்பாக்கி' ஆகிவிடும்.

தோட்டாக்களை எண்ணுங்கள். காகித உறை உப்பியிருந்தாலோ பித்தளைப் பக்கம் பச்சை பூத்திருந்தாலோ தனி டப்பாவில் வையுங்கள். கிணற்றில் போடுவது, குப்பையோடு எரிப்பது, 'ஈரமா இருக்கா பார்ப்போம்' என்று சுட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம். புத்தகத்தில் வாங்கிய கணக்கு இருக்கிறது. மீதி எத்தனை என்று கேட்பார்கள்.

கடிதம், பிறகு துப்பாக்கி

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்து நேரே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது நல்லெண்ணத்தில் செய்யும் காரியம்தான். வழியில் வாகனச் சோதனையில் மாட்டினால், உரிமமில்லாமல் துப்பாக்கியோடு போன ஆளாக நிற்பீர்கள். உரிமதாரரின் எழுத்து அனுமதியோடு பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ வேறொருவர் எடுத்துப் போகலாம் என்ற விதிவிலக்கு இங்கே பொருந்தாது; அனுமதி தர வேண்டியவர் இல்லை. எனவே கடிதத்தை முதலில் கொண்டுபோங்கள்.

ஒரு பக்கம் போதும். 'மேற்படி உரிமதாரரான என் தந்தை இன்ன தேதியில் காலமானார். அவரது உரிம எண் இது, தனி அடையாள எண் இது. 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, எண் இது, தோட்டாக்கள் 14 எங்கள் வீட்டில் பூட்டிய நிலையில் உள்ளன. படைக்கலச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி ஒப்படைக்க விரும்புகிறேன். கொண்டுவர எழுத்தில் அனுமதிக்கவோ, காவலரை அனுப்பிப் பெற்றுக்கொள்ளவோ வேண்டுகிறேன்.' இறப்புச் சான்றிதழ் நகல், உரிமப் புத்தக நகல் இணைப்பு. கேட்டு வாங்க வேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுப் பதிந்ததற்கு ஸ்டேஷன் தரும் எண்ணிட்ட ரசீது. ஸ்டேஷன் ரைட்டர் 'துப்பாக்கியை எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்' என்றால், அதே கடிதத்தை எஸ்.பி. அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, அந்த ரசீது நகலோடு மறுபடி போங்கள். பெரும்பாலும் அன்றைக்கே வேலை நடக்கும்.

ஒப்படைத்ததும் தரும் ரசீதில் வகை, போர், எண், தோட்டா எண்ணிக்கை, இப்போதுள்ள நிலை எல்லாம் வர வேண்டும். 'துப்பாக்கி ஒன்று பெறப்பட்டது' என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். கட்டையில் விரிசல் ஏற்கெனவே இருந்ததா, ஸ்டேஷன் கிடங்கில் விழுந்ததா என்ற தகராறு இரண்டு வருடம் கழித்து வரும்.

காவல் நிலையமா, கடையா? ஸ்டேஷனில் செலவில்லை. ஆனால் கிடங்கில் பறிமுதல் பொருட்களோடு ஈரத்தில் கிடக்கும். எண்ணெய் போட யாரும் இல்லை. நல்ல வேலைப்பாடுள்ள பழைய இரட்டைக்குழல் என்றால் உரிமம் பெற்ற கடையில் மாத வாடகை கட்டி வைப்பதுதான் எங்கள் யோசனை. கடைக்காரர் தன் பதிவேட்டில் ஏற்றி ரசீது தருவார். அதன் நகலை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். எங்கே வைத்தாலும் அது நிரந்தரமில்லை. விதித்த காலத்துக்குள் வாரிசு உரிமம் பெற்றுத் திருப்பி வாங்காமலும், தகுதியுள்ளவருக்கு விற்காமலும் இருந்தால், கலெக்டர் நோட்டீஸ் கொடுத்துப் பறிமுதல் செய்து அரசுடைமை ஆக்கலாம். நோட்டீஸ் இறந்தவர் பெயரில், விற்றுவிட்ட பழைய வீட்டு முகவரிக்குப் போய்த் திரும்பி வருவது வழக்கம். ஒப்படைக்கும் கடிதத்திலேயே உங்கள் முகவரி, கைபேசி எண்ணை எழுதுங்கள்.

வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா

குடும்பத்தில் யாரும் சுடப்போவதில்லை, பூட்டி வைக்க இடமுமில்லை என்றால் விற்பதோ அரசிடம் சரண் செய்வதோ நல்லது. 'தாத்தா ஞாபகம்' என்ற ஒரே காரணத்துக்கு ஐந்து வருடத்துக்கொரு முறை மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, தேர்தல் வந்தால் அலைச்சல் என்று வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

'துரு பிடிச்ச துப்பாக்கிக்கு உரிமம் எதுக்கு?' என்ற கேள்வி அடிக்கடி வரும். 45-ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. பழைய மாதிரி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்றால் சட்டம் பொருந்தாது. ஆனால் அதே வரியில் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். குதிரை உடைந்தது, ஸ்பிரிங் போனது எல்லாம் பட்டறையில் ஒரு நாள் வேலை. அவற்றுக்கு விலக்கு இல்லை. அந்த நிலையை நீங்களே தீர்மானிக்காமல் நிபுணரின் எழுத்துச் சான்றை வாங்குங்கள்.

எண்ணிக்கை வரம்பும் உண்டு. 2019 டிசம்பர் வரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம், இப்போது இரண்டு. வாரிசு வழியில் வந்தாலும் இரண்டைத் தாண்ட முடியாது என்று திருத்தமே சொல்கிறது. உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்து அப்பா இரண்டு விட்டுப் போயிருந்தால், ஒன்றைத் தம்பியோ தங்கையோ கேட்கட்டும்.

விண்ணப்பம்: எந்த விதியில் கேட்கிறீர்கள்?

இதில்தான் பெரும்பாலான மனுக்கள் சாய்கின்றன. படைக்கலச் சட்டத்தின் கீழ் வந்த ஆயுத விதிகள், 2016-இல் புதிதாக உரிமம் கேட்பவருக்கு 12-ஆம் விதி. தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்புத் தேவை, இரண்டு ஆண்டாகத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் தீவிர உறுப்பினர், படையிலோ காவல்துறையிலோ பணி என்று காரணம் காட்ட வேண்டும். வாரிசுக்கு 25-ஆம் விதி. 12-ஆம் விதியில் என்ன சொல்லியிருந்தாலும், சட்டத்தின் தகுதிகள் இருந்து, காவல்துறை அறிக்கையில் பாதகமான குறிப்பு இல்லையென்றால் வாரிசுக்கு வழங்கலாம் என்பது அதன் சாரம். அதாவது உயிருக்கு ஆபத்து இருப்பதாக நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

மனுவில் 'எனக்கு எதிரிகள் உண்டு, தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன்' என்று தானாகவே எழுதிவிடுகிறார்கள். விசாரிக்கும் ஆய்வாளர் ஊரில் கேட்டுவிட்டு 'அச்சுறுத்தல் ஏதுமில்லை' என்று எழுதுவார். அதையே காரணமாக்கி மனு தள்ளுபடி. குழியை வெட்டியது மனுதாரர்தான். முதல் வரியிலேயே 'ஆயுத விதிகள் 2016, விதி 25-இன் கீழ், காலமான உரிமதாரரின் வாரிசு என்ற முறையில்' என்று எழுதி, அங்கேயே நில்லுங்கள். தேவை வேறு உண்மையாகவே இருந்தால் மட்டும் தனிப் பத்தியில், ஆதாரத்தோடு.

அதே 25-ஆம் விதியில் பலர் கவனிக்காத இன்னொரு வசதி: உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முந்தியதோ அப்போதே, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசை நியமித்து மாற்றிவிடலாம். அப்பா இருக்கும்போது செய்தால் மேலே சொன்ன ஒப்படைப்பு அலைச்சல் முழுக்க மிச்சம்.

படிவம் ஏ-1. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் இணையதளத்தில் பதிந்து, அச்செடுத்து, மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகத்திலும் மாநகரக் காவல் எல்லைக்குள் ஆணையர் அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் நான்கு புகைப்படம், வயது, அடையாள, இருப்பிடச் சான்றுகள், இறப்புச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகத்தின் அசல், ஒப்படைத்த ரசீது. இவற்றில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாறுவது பின்வருபவற்றில்.

வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் தடையின்மைக் கடிதம் தர வேண்டும். அம்மா, கல்யாணமாகிப் போன அக்கா, துபாயில் இருக்கும் தம்பி எல்லாரும். 'அக்காவுக்கு எதுக்கு துப்பாக்கி' என்று பெண்மக்களின் கையெழுத்தை விட்டுவிட்டுக் கொடுத்த மனு அப்படியே திரும்பும். முத்திரைத்தாளில் நோட்டரி முன் எழுதுவது வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம்.

மருத்துவச் சான்று எஸ்-3 படிவத்தில் இருக்க வேண்டும். டாக்டரின் லெட்டர்ஹெட்டில் 'உடல்நலத்தோடு இருக்கிறார்' என்பது செல்லாது. மனநலம் பற்றியும், மது, போதைப்பொருளுக்கு அடிமையில்லை என்பது பற்றியும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழி எஸ்-2. பயிற்சிச் சான்று எஸ்-1. எந்தப் பயிற்சியாளரின் சான்றை ஏற்பார்கள் என்று பணம் கட்டுமுன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

21 வயது நிறைந்திருக்க வேண்டும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்றிருந்தால், தண்டனை முடிந்து 5 ஆண்டு கழியும்வரை முடியாது. நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், பிணைக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஊர்த் திருவிழாத் தகராறில் எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டு 'வழக்கு எதுவுமில்லை' என்று போடுபவர்கள் உண்டு. நிலுவை வழக்கை மறைப்பதுதான் மனுவைக் கொல்லும். வழக்கு இருப்பதைச் சொல்வது அல்ல.

காவல்துறை 30 நாளில் அறிக்கை தர வேண்டும். அது வந்தபின் 60 நாளில் உரிமம் வழங்கும் அதிகாரி காரணத்தோடு உத்தரவிட வேண்டும். அறிக்கை வராவிட்டால் காத்திராமல் முடிவெடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு, எடுப்பது அபூர்வம். வருவாய்த்துறையிடமும் கருத்துக் கேட்பது நம் மாவட்டங்களில் வழக்கம் என்பதால் கோப்பு தாசில்தார் மேஜையிலும் தூங்கும். மாதம் ஒரு முறை கோப்பு எண்ணைச் சொல்லி எழுத்தில் நினைவூட்டுங்கள். நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்த நினைவூட்டல்களே முதல் ஆதாரம்.

மறுத்தால் உத்தரவின் நகலையும் காரணத்தையும் கேட்டு வாங்குங்கள். சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. வாரிசு மனுவை 'அச்சுறுத்தல் இல்லை' என்று மட்டும் சொல்லி மறுத்திருந்தால், 25-ஆம் விதியைக் கருதவில்லை என்பதே மேல்முறையீட்டின் முதல் காரணம். காலக்கெடு 30 நாள். அதற்கு மேல் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்ற ரிட்.

உரிமை என்று வாதாடலாமா?

மனுவில் வேண்டாம். அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் போல இங்கே எதுவும் இல்லை. 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. வெள்ளைக்காரன் 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் மீதான கசப்பு அது. ஆனால் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அரசமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, அது தோற்றது. அரசமைப்பில் ஆயுதம் என்ற சொல் உரிமைகள் பகுதியில் வருவது, 19(1)-இல் 'ஆயுதமின்றி அமைதியாகக் கூடும்' உரிமையில்தான்.

விவாதம் முடிந்துவிடவில்லை. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவ சமூகத்தினருக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் உரிமம் வாங்குவதிலிருந்து மத்திய அரசு 2029 வரை விலக்கு நீட்டித்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-இல் அதை ஏற்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் யானையும் பன்றியும் இறங்கும் தோட்டக்காரர், எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை படிவம் என்று கேட்பதில் நியாயம் உண்டு. குடும்பச் சண்டையில் கைக்கெட்டும் துப்பாக்கி என்ன செய்யும் என்று பார்த்த காவல் அதிகாரி, படிவம் போதாது என்பார்; அதிலும் நியாயம் உண்டு. எங்கள் கருத்து: எஸ்-2, எஸ்-3 போன்ற நிபந்தனைகள் தேவை, காரணமில்லாத காலதாமதம் தேவையில்லை. அதைப் பேச மன்றம் வேறு. கலெக்டர் மேஜையில் விதி எண் மட்டுமே பேசும்.

கைக்கு வந்த பிறகு

உரிமம் வந்ததும் அதில் உங்கள் பெயர், தனி அடையாள எண், துப்பாக்கி எண், உரிமம் செல்லும் பரப்பு (மாவட்டமா, மாநிலமா) ஆகியவற்றைச் சரிபார்த்து, அதைக் காட்டி ஸ்டேஷனிலிருந்தோ கடையிலிருந்தோ துப்பாக்கியை எடுங்கள். நேராக வீட்டுக்கு வேண்டாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் குழலின் உள்பக்கத்தைக் காட்டுங்கள். துருவால் உள்ளே குழி விழுந்த பழைய குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துக் கையைக் கொண்டுபோகும்.

இரும்புப் பெட்டி, சுவரில் போல்ட். தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு ஆளிடம். பயிர்க் காவலுக்கான உரிமமாக இருந்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி, வனத்துறை தனி. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ.

விற்பதென்றால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு துப்பாக்கியை 'அவர் வீட்டில் இருக்கட்டும்' என்று விட்டால் இருவருக்கும் வழக்கு.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். தேர்தல் ஆணைய வழிகாட்டுதல்படி மாவட்டக் குழு ஆராய்ந்து, ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் போன்றோரிடம்தான் முக்கியமாக வாங்க வேண்டும். நடைமுறையில் எல்லாரையும் கூப்பிடுவார்கள். விலக்கு வேண்டுமென்றால் காரணத்தை எழுதி அந்தக் குழுவுக்கு உடனே மனுக் கொடுங்கள். ஒப்படைத்தால் முன்போலவே எண், நிலை, தோட்டாக் கணக்கோடு ரசீது. முடிவு அறிவித்து ஒரு வாரம் கழிந்ததும் போய் வாங்கிவிடுங்கள், வாங்கும்போது அங்கேயே மடக்கித் திறந்து குழலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.